சுவரில் ஏறாத கை

மே மாதத்தில், அன்னையர் தினத்துக்கு முந்தின சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு என் சித்தி டிலேனியா தன்னுடைய பார்லரைவிட்டு வெளியே நடந்து போய்விட்டாள். அப்போது அவளுடைய நாற்காலியில் மாரிட்சா டீச்சர் உட்கார்ந்திருந்தார். டீச்சரின் தலையில் வலது பாதி பட்டு மாதிரி நேராகத் தொங்கியது. இடது பாதி கழுவின ஈரத்தோடு சுருள்சுருளாக நின்றது. சித்தி பிரஷ்ஷை டீச்சரின் மடியில் வைத்தாள். ட்ரையரை அணைக்கக்கூட இல்லை. அது மேஜைமேல் கிடந்து, சுவரைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது.

"டிலேனியா, எங்க போற? என் மீதித் தலை?"

"யுதெல்கா பாத்துக்குவா."

"யுதெல்கா இழுத்தா சாயங்காலத்துக்குள்ள சுருண்டுக்கும்!"

"நான் இங்கதான் டீச்சர் நிக்கிறேன்," என்றாள் பக்கத்து நாற்காலியில் வேலை செய்துகொண்டிருந்த யுதெல்கா. "காது நல்லாவே கேக்குது."

தலையில் ரோலரோடு எட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். அசுவா ஊரில் வருடத்துக்கு இரண்டு நாள்தான் இப்படிக் கூட்டம் வரும். அதில் ஒரு நாள் பாதியில் எழுந்து போவதென்றால், ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். நான் ஒருத்தியின் தலையைக் கழுவிக்கொண்டிருந்த ஈரக் கையோடு பின்னால் ஓடினேன்.

தெருமுனையில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் நிற்கும் நிழலில் சித்தி நின்றிருந்தாள். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அழவில்லை. யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தாள். கிட்டே போனபிறகுதான் அது என்னை என்று தெரிந்தது.

"கை மேல வரமாட்டேங்குது. போச்சு. எல்லாம் உன் ஐஸால வந்தது."

அந்த ஐஸைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான்கு வருடம் கப்பல் சமையலறையிலும் கண்ட ஊர்களிலும் வேலை பார்த்துவிட்டு அந்த மாதம்தான் திரும்பி வந்து, சித்தியின் பின்னறையில் தங்கியிருந்தேன். சும்மா இருப்பானேன் என்று பார்லரில் தலை கழுவிக் கொடுத்தேன். அந்த வாரச் செவ்வாய்க்கிழமை வெயில் தாங்காமல், "சித்தி, எனக்கு ரெண்டு ஐஸ் எடுத்துக் குடேன்" என்று கேட்டேன். அவள் ஆறு தலை உலர்த்தி முடித்திருந்தாள். யோசிக்காமல் ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டாள். சூடான கையில் குளிர்காற்று பட்டுவிட்டது.

எங்கள் தீவு நாட்டில் இது குழந்தைக்கும் தெரியும். துணி தேய்த்த கை, ட்ரையர் பிடித்த கை, ஒரு மணி நேரம் தண்ணீரையும் பார்க்கக் கூடாது, ஃபிரிட்ஜையும் பார்க்கக் கூடாது. பார்த்தால் பாஸ்மோ பிடிக்கும். வாய் கோணிக்கொள்ளும், கை விறைத்துப்போகும். சித்தி முப்பத்துமூன்று வருடமாகத் தலை உலர்த்துகிறாள். ஒரு நாள்கூட, வேலை முடிந்த கையோடு கை கழுவியதில்லை. கழுவுவதற்கென்றே ஓர் ஆளை வைத்திருப்பாள். அந்த வருடம் அந்த ஆள் நான்.

ஆக, அவள் கணக்கில் நான்தான் குற்றவாளி.

ஆனால் அன்று மாலை யுதெல்கா என்னைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். "கிறிஸ்துமஸ்லேர்ந்தே அக்காவால பின்னால கை கொண்டுபோக முடியல. தினம் காலையில உள்பாடி கொக்கியை நான்தான் மாட்டிவிடுறேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டா." ஐந்து மாதமாக மென்தால் தைலமும் வலி மாத்திரையுமாக ஓட்டியிருக்கிறாள். ஐஸ் பாவம், நாலு நாள் முன்னால்தான் வந்தது.

டிலேனியா எங்கார்நாசியோன் என்றால் அசுவாவில் தெரியாத பெண் கிடையாது. பெரால்தா மலையில் பிறந்தாள். பதிமூன்று வயதில் கீழே இறங்கி வந்து ஒருத்தி கடையில் தலை கழுவினாள். பத்தொன்பதில் சொந்த நாற்காலி போட்டாள். வாழைக்காய் லாரி ஓட்டுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நான்கு வருடம் கழித்து, "வீட்ல இருக்கும்போதும் ஹாரன் அடிக்கிறான்" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள். பிள்ளை இல்லை. நாற்காலி மட்டும் இரண்டாயிற்று.

அவள் இவ்வளவு பேர் எடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. மற்றவர்கள் முடியைப் பக்கவாட்டில் இழுத்து உலர்த்துவார்கள். சித்தி, கூரையில் கொக்கி இருப்பதுபோல, வேரிலிருந்து நேராக மேலே இழுப்பாள். முழங்கை காதுக்கு மேலே நிற்கும். மற்ற கடையில் நேராக்கின முடி அசுவா வெயிலில் முதல் வியர்வைக்கே சுருண்டுவிடும். சித்தியிடம் சனிக்கிழமை செய்துகொண்டால் வியாழன்வரை நிற்கும். கையை மேலே தூக்குவதுதான் அவள் தொழில். அந்தக் கை ஏறாவிட்டால், அவள் கடை வைத்திருக்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். இதை அவளே என்னிடம் சொன்னாள், ஆஸ்பத்திரி வராந்தாவில், எக்ஸ்ரே கவரை விசிறியாக வீசிக்கொண்டு.

எலும்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் பை தடித்து இறுகிவிட்டது. மருந்து கொஞ்சம்தான் உதவும், அசைத்து அசைத்துத்தான் இளக்க வேண்டும், ஒரு வருடம்கூட ஆகலாம் என்று சொல்லி, பயிற்சிக் கூடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் நான் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஆறே மாசம் சித்தி, சரியாயிடும்" என்றேன்.

பயிற்சிக் கூடத்தில் ஃபாவியோ என்ற இளைஞன் இருந்தான். பக்கத்து ஊரான புவெப்லோ வியேஹோவைச் சேர்ந்தவன், எப்போதும் ஏதாவது மெட்டை விசிலடித்துக்கொண்டிருப்பான். மூன்று பயிற்சி காட்டினான். மேஜைமேல் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைக் கிணற்று வாளி மாதிரித் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். மல்லாந்து படுத்து, துடைப்பக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை மற்றதைத் தள்ளிவிட வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டு மாதிரி மேலே ஏற்ற வேண்டும்.

"ஒவ்வொண்ணும் பத்து தடவை, காலையும் சாயங்காலமும். வலிக்கும். ஆனா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குப் போகக் கூடாதும்மா."

அதற்கெல்லாம் முன்னால், மூட்டு இளகட்டும் என்று கால் மணி நேரம் தோளில் சூடான ஒத்தடப் பை வைத்தான். அங்கேதான் வினை வந்தது.

ஒத்தடம் முடிந்ததும் சித்தி எழுந்தாள். பையிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்துக் கையைச் சுற்றினாள். அதன்மேல் கம்பளிச் சட்டை போட்டாள். ஜூன் மாத அசுவாவில், கம்பளிச் சட்டை.

"அம்மா, பயிற்சி?" என்றான் ஃபாவியோ.

"சூடு வெச்ச கையை வெளியில நீட்டி ஆட்டச் சொல்றியே தம்பி, மேல ஃபேன் ஓடுது. உங்கம்மா உனக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையா?"

மூன்று வாரம் இப்படியே போயிற்று. போவாள், ஒத்தடம் வாங்கிக்கொள்வாள், கையைக் குழந்தை மாதிரி சுற்றிக்கொண்டு வருவாள். வீட்டில் மின்விசிறியைத் தொடவிட மாட்டாள். தெருவில் எல்லோரிடமும், "ட்ரீட்மென்ட் எடுத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்வாள். கை நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போயிற்று. தட்டில் வாழைக்காய் மசியலை இடது கையால் தின்னப் பழகிவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சித்தி, பாஸ்மோன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"நீ இதுவரைக்கும் எத்தனை தலை உலர்த்தியிருக்கே?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப வாயை மூடு."

போனில் ஸ்பெயின் நாட்டு டாக்டர் ஒருவர் பேசுவதைக் காட்டினேன். முழுதும் பார்த்தாள். "பாவம், அங்க ரொம்பக் குளிர். அவங்களுக்கு உடம்பு பொறந்ததுலேர்ந்தே பாஸ்மோதான், வித்தியாசம் தெரியாது" என்றாள். யுதெல்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சித்தி கட்சிதான். இதில் கேவலம் என்னவென்றால், ஒருநாள் நானே சட்டை தேய்த்து முடித்துவிட்டுக் கை கழுவப் போனவள், குழாய்க்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். கை நீளவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றாலும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நான்காம் வாரம் ஃபாவியோ ஒரு முடிவு எடுத்தான். "ஒத்தடமே வேண்டாம்மா. காலையில ஆறரைக்கு வாங்க. ட்ரையர் தொடாம, அடுப்பு பத்த வைக்காம, சூடு படாத உடம்போட வாங்க. கை குளுந்திருக்கும்போதே ஆட்டிடலாம். வலி கூடுதலா இருக்கும், பரவாயில்லையா?"

"வலியை யாரு கேட்டா? வரேன்," என்றாள் சித்தி உடனே.

அவள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு அவனிடம் திரும்பினேன். "படிச்சவங்கதானே நீங்க? இப்படி விட்டுக்குடுத்தா அவ சொல்றதுதான் சரின்னு ஆயிடுமே?"

"எங்கம்மா ஊர்த் துணியைத் தேய்ச்சு எங்களை வளத்தவ. பத்து வருஷம் இதையே சொல்லி அவகூட சண்டை போட்டேன். இன்னமும் தேய்ச்சுட்டுக் கை கழுவ மாட்டா." விசிலைத் தொடரப் போனவன் நிறுத்தினான். "உங்களுக்கு சண்டையில ஜெயிக்கணுமா, கை வேணுமா?"

சித்தியைப் பிடிக்க வேகமாக நடந்தேன். இரண்டுமே வேண்டும் என்றுதான் இருந்தது.

ஆனால் சித்தி ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். பார்லர் சுவரில், கண்ணாடிக்குப் பக்கத்தில், புருவம் எழுதும் பென்சிலால் தினமும் ஒரு கோடு போட்டாள், விரல் எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்கு. முதல் கோடு அவள் மார்பு உயரத்தில் இருந்தது. பிறகு தோள், மோவாய், மூக்கு என்று ஏறியது. தலைக்கு வந்த பெண்கள் எல்லாம் அதைப் பார்த்துப் பேச்சு வைத்துக்கொண்டார்கள். "இன்னிக்கு வாய்க்கு வந்துட்டே டிலேனியா, இனிமே மூடுவியா?" ஜூலை கடைசியில் கோடு புருவத்தைத் தாண்டியது. கடை முழுக்கக் கைதட்டியது. நான்கூடத் தட்டினேன்.

அன்றே ஒரு தலையைச் செய்யப் பார்த்தாள். பிரஷ் காதோரம்கூடப் போகவில்லை. கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

யாருக்கும் புரியவில்லை. மறுநாள் ஃபாவியோவைக் கடைக்கே கூட்டிவந்தோம். "ஏத்துங்கம்மா, பாக்கலாம்" என்றான். சித்தி சுவரில் விரலை ஏற்றினாள். புருவக் கோட்டைத் தொட்டுவிட்டுப் பெருமையாகத் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குதிகாலைத் தரையில வைங்க. இடுப்பு சாயக் கூடாது." அவளுடைய தோள்பட்டைமேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். "தோளைக் காதுகிட்ட தூக்காதீங்க. இப்ப ஏத்துங்க."

விரல்கள் கிளம்பின. முதல் நாள் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே போய் நின்றுவிட்டன.

அவள் ஏமாற்றவில்லை. அதுதான் கொடுமை. குள்ளமான பெண், முப்பத்துமூன்று வருடம் உயரமான தலைகளின் உச்சியை எட்டுவதற்குக் குதிகாலைத் தூக்கி, இடுப்பைச் சாய்த்து, தோளை உயர்த்தியே வேலை செய்திருக்கிறாள். எட்டச் சொன்னால் அந்த உடம்பு எப்படியாவது எட்டிவிடும். கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஐந்து வாரமாக ஏறியது அவளுடைய இடுப்பும் குதிகாலும்.

"பரவாயில்லம்மா, இனிமே சரியா பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு ஃபாவியோ போனான். சித்தி ஈரத்துணி எடுத்துப் புருவப் பென்சில் கோடுகளைத் துடைத்தாள். அவை சரியாக அழியாமல் கறுப்பாகத் தீற்றிக்கொண்டன.

அன்று பிற்பகலில் நான் செய்ததை எழுதாமல் விட முடியாது. சித்தி சுவர் பக்கம் நின்றிருந்தாள், மறுபடியும் குதிகால் எழும்பியது. "கீழ வை" என்றேன். வைத்தாள். மறுபடி எழும்பியது. "கீழ வைன்னு சொன்னேன்ல?" பின்னால் போய் நின்று, ஃபாவியோ மாதிரியே தோளை ஒரு கையால் அழுத்தினேன். மறு கையால் அவளுடைய முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினேன். "பத்து எண்ணுறவரைக்கும் பொறுத்துக்கோ சித்தி. ஒண்ணு. ரெண்டு."

மூன்று எண்ணும்போது அவள் கத்தினாள். யுதெல்கா ட்ரையரை அணைத்துவிட்டாள். சித்தி தரையில் உட்கார்ந்து, கையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் கையைப் பார்த்துவிட்டு ஃபாவியோ விசிலை நிறுத்தி என்னிடம் திரும்பினான். "வாழைத்தாரா அது, பிடிச்சு மேல ஏத்த? ஒரு மாசத்து வேலை போச்சு. உங்களுக்கு என்ன அவசரம்?"

எனக்கு என்ன அவசரம் என்று எனக்கே தெரியும். வால்பராய்சோ என்ற தூரதேசத் துறைமுகத்திலிருந்து, என்னோடு கப்பலில் வேலை பார்த்த சிநேகிதி எழுதியிருந்தாள், ஒரு விடுதியில் வேலை இருக்கிறது, செப்டம்பருக்குள் வா என்று. சித்தி கை ஏறினபிறகுதான் போவேன் என்று நானே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவள் கை என் காலில் கட்டின கயிறு மாதிரி ஆகியிருந்தது.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காபி கொடுக்கப் போனபோது, "ஐஸ் ஒண்ணு. இது ரெண்டு" என்றாள். அதற்குப் பிறகு பயிற்சியைத் தன் அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்தாள். வெளியே நின்றால் எண்ணிக்கை கேட்கும், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வசவு கேட்கும். பெரும்பாலும் நான்காவது எண்ணில் என் பெயர் வரும். கதவைத் தட்டினால், "போடி, உன் பெட்டியைக் கட்டு" என்பாள்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி கிளம்பினேன். கை மார்புக்கு மேல் வந்திருக்கவில்லை. யுதெல்காதான் எல்லாத் தலையையும் செய்துகொண்டிருந்தாள். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். மாரிட்சா டீச்சர்கூட. சித்தி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

வால்பராய்சோவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவேன். போனை இடது கையில் வைத்து, முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொள்வாள், கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாதபடி.

"கை எப்படி இருக்கு சித்தி?"

"கை இருக்கு. ஒடம்போடதான் இருக்கு. அங்க மழையா?"

ஃபாவியோவிடம் போகிறாயா என்றால், போகிறேன் என்பாள். பயிற்சி செய்கிறாயா என்றால், "நீ போலீஸா?" என்பாள். யுதெல்காவைக் கேட்டால், "அக்கா கதவைச் சாத்திக்கிறாங்க, உள்ள என்ன நடக்குதோ" என்பாள். ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன். கேட்கிறபோதெல்லாம், 'மூன்று' என்று நான் எண்ணியது எனக்கே கேட்கும்.

அடுத்த வருடம் நவம்பரில் ஒரு ஞாயிறு, விடுதியில் படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தேன். போனில் குரல் செய்தி ஒன்று வந்தது. சித்தி. பின்னால் ஏதோ பாட்டு, யாரோ சிரிக்கும் சத்தம்.

"யாஹைரா, கேளு. குறுக்கே பேசாதே. ஆ, இதுல உன்னால பேச முடியாதுல்ல, நல்லதாப் போச்சு. நேத்து ஒன்பது தலை பண்ணினேன். நானே. யுதெல்கா கழுவி மட்டும் குடுத்தா. இது மூணாவது சனிக்கிழமை. ரெண்டு வாரம் பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன், உனக்கு முன்னாடியே சொல்லிட்டா அப்புறம் கையே நின்னுடும். கை காது வரைக்கும் வருது. அதுக்கு மேல வரல. இதுக்கு மேல வராமலே போனாலும் போகலாம், விடாம பண்ணுங்கன்னு ஃபாவியோ சொல்றான். ஆறு மாசத்துல சரியாயிடும்னு நீ சொன்னே, பொய்க்காரி. பதினெட்டு மாசம்! சரி, கை மேல போகாதுன்னா தலை கீழ வரட்டும்னு, பெரிய நாற்காலி ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டேன். குழந்தைங்க பள்ளிக்கூடம் ஒண்ணை மூடுனாங்க, அங்கேர்ந்து குட்டி நாற்காலி வாங்கிட்டு வந்தேன். ஒவ்வொருத்தியும் முட்டி மோவாயில இடிக்க உக்காந்திருக்கா, நீ பாக்கணும். முடி புதன் வரைக்கும்தான் நிக்குது. வியாழன் வரைக்கும் நிக்கல. அதைச் சொல்லிட்டுதான் உக்கார வைக்கிறேன், ஏமாத்தல. மருந்துக்கடை ஒனேய்தா இருக்காளே, நேத்து எழுந்திருக்க முடியாம ரெண்டு பேர் சேந்து தூக்கிவிட்டாங்க. தெருமுனை வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே போனா. திரும்பி வந்து அடுத்த சனிக்கிழமைக்கு முதல் ஆளா பேர் குடுத்துட்டுப் போனா."